முன்பாரம்: மாதிரி விமானம் வால் குத்தாமல் நிற்பதற்கு

சேலம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜார்ப் பக்கம் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற சொற்களை விளக்க வேண்டியதில்லை. அச்சுக்குப் பின்னால் மூட்டை கூடிவிட்டால் நுகத்தடி மேலே எழும்பி மாடுகளின் கழுத்துக் கயிற்றை இறுக்கும். முன்னால் கூடிவிட்டால் அந்தப் பாரம் மாடுகளின் கழுத்தில் இறங்கும். வண்டிக்காரர் நுகத்தடியை ஒரு கையால் சற்றே தூக்கிப் பார்ப்பார். அந்தக் கனத்தை வைத்தே, பின்னால் கிடக்கும் மூட்டையை ஒரு முழம் முன்னால் தள்ளச் சொல்வார். பாரம் அச்சின் மேல் நிற்க வேண்டும், ஆனாலும் கொஞ்சம் முன்பாரம் இருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யும் மாதிரி விமானங்களின் மூக்குக்குள் எடை வைப்பதும் இதே கணக்குதான். வண்டியில் மூட்டையைக் கடைசி நேரத்தில்கூட நகர்த்திக்கொள்ளலாம். மாதிரி விமானத்திலோ உடற்பகுதியின் இரண்டு பாதிகளையும் ஒட்டி மூடிய பிறகு உள்ளே கை நுழையாது. ஆகவே இந்தக் கணக்கைத் தொடக்கத்திலேயே போட்டுவிட வேண்டும்.

புதிதாகச் செய்கிறவர்களில் பலர் இதைத் தாமதமாகவே அறிகிறார்கள். மூன்று வாரம் மாலை நேரங்களில் உட்கார்ந்து ஒட்டி, தேய்த்து, வண்ணம் பூசி, கடைசியில் சக்கரங்களைப் பொருத்தி மேசையில் வைத்ததும், முன்சக்கரம் மெல்ல மேலெழும்பி வால் மேசையில் குத்திக்கொள்ளும். என் அக்கா மகன் அப்படிச் செய்து முடித்த முதல் விமானத்தை மேசையில் வைத்துவிட்டு, “மாமா, இது மட்டும் ஏன் உட்கார்ந்துகொண்டே இருக்கிறது?” என்று கேட்டான். அவன் ஒட்டியதில் குறை எதுவும் இல்லை. பெட்டிக்குள் இருந்த செய்முறைத் தாளின் இரண்டாம் கட்டத்தில், எடைக்கல்லைப் போன்ற சிறிய படமும் அதன் அருகே கிராம் எண்ணும் அச்சாகியிருந்தன. அவற்றை அவன் கவனிக்கவில்லை. பல தயாரிப்பாளர்கள் இந்தக் குறிப்பை இவ்வளவு சிறியதாகத்தான் அச்சிடுகிறார்கள். சில தாள்களில் அதுவும் இருப்பதில்லை.

எல்லா விமானங்களுக்கும் இந்த வேலை தேவைப்படாது. ஸ்பிட்ஃபயர், டகோட்டா போன்றவற்றில் இரண்டு பெரிய சக்கரங்கள் முன்னாலும் ஒரு சிறிய சக்கரம் வாலின் கீழும் இருக்கும். தரையில் நிற்கும்போது அவற்றின் மூக்கு வானத்தைப் பார்த்திருப்பதே இயல்பு. அவற்றில் பாரம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் விழ வேண்டும். வெறும் பிளாஸ்டிக் கூட்டில் அது தானாகவே அப்படி அமைந்துவிடுவதால் அங்கே நாம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. மூக்கின் கீழ் ஒரு சக்கரமும், இறக்கையின் கீழோ வயிற்றின் கீழோ இரண்டு முதன்மைச் சக்கரங்களும் கொண்ட விமானங்களில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஜெட் போர் விமானங்களும் பயணிகள் விமானங்களும் பெரும்பாலும் இந்த வகையே.

ஒரே விமானம் இரண்டு விதமாகவும் நின்றதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 262. 1942 ஜூலை 18 அன்று அது ஜெட் என்ஜின்களை மட்டுமே நம்பி முதன்முதலாகப் பறந்தபோது அதற்கு வால் சக்கரம்தான் இருந்தது. ஓடுபாதையில் வாலை உயர்த்துவதற்காக ஓட்டி ஒரு கணம் பிரேக்கைத் தொட வேண்டியிருந்தது. பின்னர் வந்த முன்மாதிரிகளில் மூக்குச் சக்கரம் வந்தது. முதன்மைச் சக்கரங்களும் பாரம் விழும் இடத்துக்குப் பின்னால் தள்ளி அமைந்தன. இன்று அந்த விமானத்தின் மாதிரியைச் செய்கிறவர், தாம் செய்வது எந்தக் கட்டத்து விமானம் என்பதைப் பொறுத்து, மூக்கில் எடை வைக்கவோ வைக்காமல் விடவோ வேண்டியிருக்கும்.

நிஜ விமானம் நேராக நிற்கும்போது அதை அப்படியே சுருக்கிச் செய்த மாதிரி ஏன் வால் குத்துகிறது என்ற கேள்வி இயல்பானது. வடிவத்தைத்தான் நாம் சுருக்குகிறோம். பாரம் பரவியிருக்கும் விதத்தை நாம் சுருக்குவதில்லை. நிஜ விமானத்தின் மூக்கில் ரேடார், துப்பாக்கிகள், குண்டு நிறைந்த பெட்டிகள், மின்கலங்கள், கருவிகள், ஓட்டி என்று கனமானவை அடைந்து கிடக்கும். வால் பகுதியோ மெல்லிய தகடும் சட்டங்களும் கொண்ட கூடு. மாதிரியில் எல்லா இடத்திலும் ஒரே பிளாஸ்டிக்கே ஏறத்தாழ ஒரே தடிமனில் இருக்கிறது. ஆகவே எங்கே பரப்பு அதிகமோ அங்கே பாரமும் அதிகம். நீண்ட பின்னுடல், செங்குத்து வால், கிடைவால் ஆகியவை பின்னால் நிறையப் பிளாஸ்டிக்கைச் சேர்த்துவிடுகின்றன. மூக்கில் இருப்பது வெற்றுக் காற்று.

இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க விமானமான ஏராகோப்ரா இதை மிகத் தெளிவாகக் காட்டும். அதன் என்ஜின் ஓட்டியின் இருக்கைக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்து ஒரு நீண்ட தண்டு ஓட்டியின் காலுக்கு அடியில் ஓடி முன்னால் இருந்த விசிறியைச் சுழற்றியது. மூக்கில் 37 மில்லிமீட்டர் பீரங்கியும் அதன் குண்டுகளும் விசிறியின் பல்சக்கரப் பெட்டியும் இருந்தன. நிஜத்தில் என்ஜினின் கனத்தை இவை ஈடுகட்டின. மாதிரியில் என்ஜினும் இல்லை, பீரங்கியும் இல்லை. மிஞ்சுவது வாலின் நீளம் மட்டுமே. இரட்டை வால்தண்டு கொண்ட பி-38 லைட்னிங், வாலருகே என்ஜின்கள் பொருத்திய பயணிகள் விமானங்கள் ஆகியவையும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

நிஜ விமானங்களுக்கும் இந்தத் தொல்லை அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்துக்கு வந்து போயிருக்கும் ஏ.டி.ஆர். 72 வகை விமானத்தில் பயணிகள் ஏறும் கதவு பின்பகுதியில் இருக்கிறது. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒரே நேரத்தில் பின்னால் கூடினால் பின்பாரம் மிகுந்துவிடக்கூடும் என்பதற்காக, அந்த வகை விமானம் நின்றிருக்கும்போது வாலின் கீழே மெல்லிய கோல் ஒன்றை முட்டுக் கொடுப்பார்கள்.

இனி கணக்குக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் திருப்புத்திறன் என்று படித்திருப்போம்: ஒரு விசையை, அது சுழலும் புள்ளியிலிருந்து செயல்படும் தொலைவால் பெருக்கினால் வருவது. மாதிரி விமானத்தில் சுழலும் புள்ளி என்பது முதன்மைச் சக்கரங்கள் இரண்டும் தரையைத் தொடும் கோடு. அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் எல்லாம் சேர்ந்து வாலைக் கீழே இழுக்கிறது. முன்னால் இருப்பதெல்லாம் மூக்கைக் கீழே இழுக்கிறது. எந்தப் பக்கத்தின் திருப்புத்திறன் மிகுதியோ அந்தப் பக்கம் விமானம் சாயும்.

ஒரு மாதிரியின் மொத்த எடை 60 கிராம் என்றும், அதன் ஈர்ப்பு மையம், அதாவது மொத்தப் பாரமும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி, அந்தக் கோட்டுக்கு 8 மில்லிமீட்டர் பின்னால் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். பின்பக்கத் திருப்புத்திறன் 60 பெருக்கல் 8, அதாவது 480. மூக்கில் நமக்குக் கிடைக்கும் இடம் கோட்டுக்கு 90 மில்லிமீட்டர் முன்னால் இருந்தால், 480-ஐ 90-ஆல் வகுக்க வேண்டும், 5.3 கிராம் வைத்தால் இரு பக்கமும் சமம். எடை வைக்க 45 மில்லிமீட்டர் தொலைவில்தான் இடம் இருக்கிறது என்றால் 10.7 கிராம் வேண்டும். தொலைவு பாதியானால் எடை இரட்டிக்கிறது. எவ்வளவு எடை என்று கேட்பதற்கு முன் எவ்வளவு தூரத்தில் என்று கேட்க வேண்டும் என நான் வலியுறுத்துவது இதனால்தான். செய்முறைத் தாளில் 10 கிராம் என்று இருப்பதைப் படித்து, மூக்கு நுனியில் இடம் போதவில்லை என்று ஓட்டியின் இருக்கைக்குப் பின்னால் அந்த 10 கிராமை வைத்துவிட்டு, பிறகும் வால் குத்துகிறதே என்று வருந்துகிறவர்கள் செய்யும் பிழை இதுவே.

சமநிலைக்கு வேண்டிய எடை கிடைத்ததும் அங்கேயே நின்றுவிடக் கூடாது. ஈர்ப்பு மையம் சக்கரங்களுக்கு மேலே உயரத்தில் இருப்பதால், மூக்கு சிறிதளவு தூக்கினாலும் அந்த மையம் பின்னோக்கி நகரும். நகர்ந்ததும் வால் இன்னும் இறங்கும். சரிசமமாக நிற்கும் விமானம் மேசையை யாராவது தட்டினாலே உட்கார்ந்துவிடும். வண்டிக்காரர் கொஞ்சம் முன்பாரம் கேட்பது போல நாமும் கேட்க வேண்டும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 5.3 கிராமுக்குப் பதிலாக 8 கிராம் வைத்தால் முன்பக்கத் திருப்புத்திறன் 720 ஆகும், மிச்சம் 240. மூக்குச் சக்கரம் கோட்டுக்கு 75 மில்லிமீட்டர் முன்னால் இருந்தால் அந்தச் சக்கரத்தின் மேல் 3.2 கிராம் அழுத்தம் விழும். மேசை சற்றுச் சரிந்திருந்தாலும் விமானம் நிற்பதற்கு அது போதும். கணக்கில் வந்ததற்கு மேல் பாதியளவு கூட்டிக்கொள்வது என் வழக்கம்.

இந்த எண்களை எப்படி அளப்பது என்பதுதான் செய்முறையின் உயிர்நாடி. அளப்பதற்கு முன் பசையைத் தொடக் கூடாது. உடற்பகுதியின் இரண்டு பாதிகள், இறக்கைகள், வால்கள், ஓட்டி அறை, கண்ணாடி மூடி, சக்கரக் கதவுகள் என எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் அதனதன் இடத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். பின்னால் சேரும் சிறு பாகங்களை விட்டுவிடக் கூடாது. கோட்டுக்கு 110 மில்லிமீட்டர் பின்னால் ஒரு கிராம் கூடினால், 90 மில்லிமீட்டர் முன்னால் அதற்கு ஈடாக 1.2 கிராம் வேண்டும். வாலில் ஒட்டின் இடைவெளியை நிரப்பப் பூசும் புட்டியும் வண்ணமும்கூட இந்தக் கணக்கில் வருகின்றன.

அடுத்து, சக்கரம் தரையைத் தொடும் இடத்தைச் சரியாகக் குறிக்க வேண்டும். இறக்கையில் சக்கரக் கால் நுழையும் துளைக்கு நேர் கீழேதான் சக்கரம் இருக்கும் என்று நினைப்பது எளிது. பல விமானங்களில் அந்தக் கால் முன்னோக்கியோ பின்னோக்கியோ சாய்ந்திருக்கிறது. சாய்வு 4 மில்லிமீட்டர் என்றால், மேலே கண்ட 60 கிராம் விமானத்தில் அது 240 அளவு பிழை. கணக்கில் பாதி தவறிவிடும். ஆகவே பக்கவாட்டுப் படத்தைப் பார்த்து, சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே ஒரு செங்கோடு போட்டு, அந்தக் கோடு இறக்கையின் அடிப்பகுதியில் எங்கே வெட்டுகிறதோ அங்கே பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் குறியின் கீழே இரண்டு பக்கமும் கூர் சீவிய பென்சில்களையோ மூங்கில் குச்சிகளையோ நிறுத்தி விமானத்தை அதன்மேல் வைத்தால், வால் கீழே போகும். மூக்கின் மேல், எடை வைக்கப்போகும் இடத்துக்கு நேர் மேலாக, காகிதத்தில் மடித்த சிறு கிண்ணம் ஒன்றை டேப்பால் ஒட்டி, அதில் பச்சரிசியை ஒவ்வொரு சிட்டிகையாகப் போட வேண்டும். முதலில் ஒன்றும் நடப்பதாகவே தோன்றாது. பிறகு ஏதோ ஒரு சிட்டிகையில் வால் மேசையை விட்டு ஒரு நூலிழை எழும்பும். இன்னும் நாலைந்து அரிசியில் விமானம் முழுவதும் நிமிர்ந்து, மூக்கு நிதானமாகக் கீழே இறங்கும். எத்தனை முறை செய்தாலும் அந்த நேரத்தில் மூச்சை அடக்கிக்கொண்டுதான் பார்க்கிறேன். பிறகு கிண்ணத்தோடு அரிசியை நிறுத்துப் பார்த்தால் வேண்டிய எடை தெரிந்துவிடும். வெள்ளிக் கொலுசுக்குப் பெயர் பெற்ற ஊரில் இருப்பது இதில் ஒரு வசதி. நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு நமக்குத் தெரிந்த பட்டறை எதிலாவது இருக்கும். தராசு கிடைக்காதபோது, 10 ரூபாய் நாணயம் ஒன்று ஏறத்தாழ 7.7 கிராம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தராசு கையில் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. நான் இப்போது பெரும்பாலும் இதைத்தான் கையாளுகிறேன். குச்சிகளை அதே குறியில் வைத்து, வாலின் அடியைத் தராசுத் தட்டின் மேல் இருத்தி, விமானம் மட்டமாக இருக்கும்படி தராசின் உயரத்தைப் புத்தகங்களால் சரிசெய்துகொள்ள வேண்டும். தராசு 4.8 கிராம் காட்டுகிறது, வால் தொடும் இடம் கோட்டுக்கு 100 மில்லிமீட்டர் பின்னால் இருக்கிறது என்றால், பெருக்கிவரும் 480-தான் நமக்கு வேண்டிய திருப்புத்திறன். ஈர்ப்பு மையம் எங்கே என்று தேடாமலே, மொத்த எடையைக்கூட அறியாமலே, மூக்கில் எந்த இடத்தில் வைத்தால் எவ்வளவு வேண்டும் என்பதை ஒரே வகுத்தலில் சொல்லிவிடலாம். வண்டிக்காரர் நுகத்தடியைக் கையால் தூக்கி அறிவதை நாம் தராசால் அறிகிறோம், அவ்வளவுதான்.

எடை வைக்கும் இடத்தைத் தேடும்போது முன்னுனியிலிருந்து பின்னோக்கித் தேட வேண்டும். கூர்மூக்குக் கொண்ட ஜெட் விமானங்களில் ரேடார்க் கூம்பின் உட்பகுதி முழுவதும் நமக்கே. நம் விமானப் படையில் 1963 முதல் 2025 வரை பறந்த மிக்-21 விமானத்தின் மூக்கில் காற்று நுழையும் வாயும், அதன் நடுவே ஒரு கூம்பும் இருக்கும். அந்தக் கூம்பு உள்ளீடற்றது என்றால் அதை நிரப்புவதே முதல் வேலை, ஏனென்றால் அதற்கு முன்னால் வேறு இடமே இல்லை. போதாததை ஓட்டி அறையின் தளத்துக்கு அடியிலும், மூக்குச் சக்கரக் குழியின் இரு பக்கங்களிலும் நிரப்பலாம். மூக்கே கண்ணாடியாக இருக்கும் பி-25 மிட்செல், 1968 வரை நம் விமானப் படையில் இருந்த லிபரேட்டர் போன்ற குண்டுவீச்சு விமானங்களில் எடையை மறைக்க மூக்கில் வழி இல்லை. அங்கே இறக்கையில் உள்ள என்ஜின் கூடுகளின் முன்பகுதி உதவும்; அது முதன்மைச் சக்கரத்துக்கு முன்னால் இருப்பதால் அங்கே வைக்கும் ஒவ்வொரு கிராமும் நமக்குச் சாதகம், ஆனால் தொலைவு குறைவு என்பதால் நிறைய வேண்டும். டாமியா நிறுவனம் 2019-இல் வெளியிட்ட 1/48 அளவு (நிஜத்தில் 48-இல் ஒரு பங்கு) பி-38 மாதிரியின் பாகங்களோடு, எடைக்கான எஃகு உருண்டைக் குண்டுகளையும் பெட்டியிலேயே தந்தது. அவற்றை வைக்கும் இடங்களும் என்ஜின் கூடுகளும் மூக்கும்தான். மற்ற தயாரிப்பாளர்களும் இப்படித் தர வேண்டும் என்பது என் விருப்பம்.

பொருளைத் தேர்ந்தெடுப்பது இடத்தைப் பொறுத்தது. 10 கிராம் ஈயம் 0.9 கன சென்டிமீட்டருக்குள் அடங்கும். அதே 10 கிராம் எஃகுக்கு 1.3 வேண்டும், டங்ஸ்டன் கிடைத்தால் 0.5 போதும், விலை மட்டும் மிக அதிகம். குண்டுகளாகப் போடும்போது இடையிடையே வெற்றிடம் விழுவதால், இன்னும் மூன்றில் இரண்டு பங்கு வரை இடம் கூடுதலாக வேண்டியிருக்கும். தொடங்குகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது சைக்கிள் கடையில் கிடைக்கும் எஃகுக் குண்டுகளையே. பின்சக்கரத்துக்குப் போடும் கால் அங்குலக் குண்டு ஒன்று ஏறத்தாழ ஒரு கிராம். எண்ணினாலே போதும், நிறுக்க வேண்டியதில்லை. இடுக்குகளுக்கு அரைக்கால் அங்குலக் குண்டு பொருந்தும். எட்டுக் குண்டு சேர்ந்தால் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும். எண்ணெய்க் களிமண்ணைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். அது ஈயத்தைப் போலப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும், சேலத்துச் சித்திரை வெயிலில் இளகவும் செய்யும்.

ஈயம் இடத்தை மிச்சப்படுத்தும் என்பது உண்மை. மேட்டூர் அணையில் வலை வீசுகிறவர்கள் வலையின் விளிம்பில் கோக்கும் ஈயக் குண்டுகள் எளிதாகக் கிடைக்கும். சுத்தியலால் தட்டினால் வேண்டிய வடிவத்துக்கு வரும். ஆனால் ஈயம் நஞ்சு. அதைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் உணவைத் தொடக் கூடாது. உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. குழந்தைகள் செய்யும் மாதிரியில் அதை வைக்கவே கூடாது. உருக்கி ஊற்றலாமா என்று கேட்பவர்களும் உண்டு. பிளாஸ்டிக் 100 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும், ஈயம் உருக 327 டிகிரி வேண்டும் என்பதே அதற்குப் பதில்.

எடையை உள்ளே வைப்பதைவிட அது அங்கேயே நிலைத்திருக்கும்படி செய்வதுதான் கடினம் என்பதை நான் இரண்டு முறை பட்டு அறிந்தேன். ஒரு முறை, எஃகுக் குண்டுகளைத் துளி உடனொட்டுப் பசையால் மூக்கில் ஒட்டிய ஜெட் விமானம் ஒன்றை ஏற்காட்டில் நடந்த பள்ளிக் கண்காட்சிக்கு எடுத்துச் சென்றேன். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியில், மடியில் இருந்த பெட்டிக்குள் ஏதோ உருளும் ஓசை கேட்டது. அடுத்தடுத்த வளைவுகளில் அது ஒன்றிலிருந்து பலவாகப் பெருகியது. வழவழப்பான எஃகின் மேல் அந்தப் பசை கண்ணாடி போல் காய்ந்து, அதிர்வில் விட்டுக்கொடுத்திருந்தது. மேலே போய்ப் பெட்டியைத் திறந்து மேசையில் வைத்தபோது, மூக்கில் இருக்க வேண்டிய குண்டுகள் எல்லாம் வாலில் போய்த் தங்கியிருந்தன. முன்பாரத்துக்காகச் சேர்த்த எடையே பின்பாரமாக மாறி, விமானம் முன்னைவிட அழுத்தமாக வால் குத்தி நின்றது. வரிசையில் மற்ற விமானங்கள் நிமிர்ந்து நிற்க, அதற்கு மட்டும் மூக்கின் கீழ் ஒரு தீப்பெட்டியை முட்டாக வைத்து, அன்று முழுவதும் அதன் அருகிலேயே நின்றேன்.

அதன் பிறகு, உட்புறத்தை முதலில் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, குண்டுகளை இரண்டு குழாய்களில் வரும் எபாக்சிப் பசையில் பிசைந்து, ஒரே கட்டியாக இறுகும்படி நிரப்புகிறேன். பின்னால் ஒரு பிளாஸ்டிக் தகட்டை வெட்டிச் சுவராக ஒட்டிவிடுகிறேன். பசை விட்டாலும் சுவர் தடுக்கும். எபாக்சி இறுகும்போது சூடு கிளப்பும்; ஒரேயடியாக நிறைய ஊற்றினால் மெல்லிய பிளாஸ்டிக் நெளிந்துபோகும். ஆகவே ஒரு அடுக்கு ஆறிய பிறகே அடுத்த அடுக்கு.

இரண்டாவது அனுபவம் மெதுவாக நடந்தது. ஈயத் துண்டுகளை மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையில் தோய்த்து மூக்கில் அடைத்த விமானம் ஒன்று ஏற்காட்டில் உறவினர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் சில ஆண்டுகள் இருந்தது. மழைக்காலத்தில் அங்கே பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து போகும். ஈரம் எப்போதும் உண்டு. ஒரு முறை போனபோது மூக்கின் ஒட்டுக்கோடு தலைமுடி அகலத்துக்கு விரிந்து, அதன் வழியே திருநீறு போன்ற வெண்பொடி கசிந்திருந்தது. விரலால் லேசாக அழுத்தியதும் மூக்கு இரண்டாகத் திறந்துகொண்டது. உள்ளே ஈயத் துண்டுகள் ஓரமெல்லாம் பொருமி, தம் அளவைவிடப் பெருத்திருந்தன. அது நஞ்சான பொடி என்பதால் ஈரத் துணியால் துடைத்துக் கட்டி அப்புறப்படுத்தினேன்.

காரணம் எளிய வேதியியல். அந்த வகை வெள்ளைப் பசையிலிருந்து நாளடைவில் அசெட்டிக் அமில ஆவி சிறிது சிறிதாக வெளிப்படும்; வினிகரில் இருப்பதும் அதே அமிலம்தான். அது ஈயத்தோடு சேர்ந்து ஈய அசெட்டேட்டாகிறது. காற்றில் உள்ள கரியமில வாயுவும் ஈரமும் அதை வெண்ணிறக் கார்பனேட்டாக மாற்றும்போது அமிலம் மறுபடியும் விடுபட்டு அடுத்த ஈயத்தைத் தாக்குகிறது. மூடிய மூக்குக்குள் ஆவி வெளியேற வழியில்லாததால் இந்தச் சுழற்சி ஓய்வதே இல்லை. ஐரோப்பாவில் பழங்காலத்தில் வெள்ளை ஈயம் என்ற வண்ணப்பொடியைச் செய்ததும் ஏறத்தாழ இதே முறையில்தான். ஈயத் தகடுகளை வினிகர் ஆவியில் மாதக்கணக்கில் அடைத்து வைப்பார்கள். அவர்கள் வேண்டிச் செய்ததை நான் தெரியாமல் செய்திருக்கிறேன். ஈயத்தை வைப்பதானால் எபாக்சியில் முழுவதுமாக மூழ்கடித்து வைக்க வேண்டும். வெள்ளைப் பசையும், வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கோன் பசையும் அதன் அருகே வரக் கூடாது.

எடை மிகுந்தாலும் கேடு உண்டு. கூடுதல் பாரத்தை எல்லாம் மெல்லிய பிளாஸ்டிக் சக்கரக் கால்களே தாங்குகின்றன. பெரிய அளவு மாதிரிகளில் அவை மாதங்கள் செல்லச் செல்ல வெளிப்பக்கமாக விரியும், மூக்குச் சக்கரக் கால் வளையும். கால்களுக்குள் துளையிட்டுப் பித்தளைக் கம்பி செருகினால் இதைத் தவிர்க்கலாம். பாதியளவு கூட்டு என்ற என் வழக்கத்தை அதனால்தான் 60 கிராம் விமானத்துக்கும் 600 கிராம் விமானத்துக்கும் ஒன்றுபோல் வைத்துக்கொள்வதில்லை; கனமானவற்றில் கணக்கை நுணுக்கமாகப் போட்டு, கூட்டுவதைக் குறைத்துக்கொள்கிறேன்.

ஏற்கெனவே மூடிவிட்ட விமானம் வால் குத்தினால் வழி இல்லாமல் இல்லை. மூக்குச் சக்கரக் குழியின் கூரையில் சிறு துளையிட்டு, விமானத்தை மூக்குக் கீழாக நிறுத்திப் பிடித்து, அரைக்கால் அங்குலக் குண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டு, பிறகு எபாக்சியைச் சிரிஞ்சால் செலுத்தி, இறுகும்வரை அப்படியே நிறுத்திவைக்கலாம். அக்கா மகனின் விமானத்தை அப்படித்தான் நிமிர்த்தினோம். 9 குண்டுகள் போதுமென்று நினைத்தோம், 14 வேண்டியிருந்தது. துளையிட இடமே இல்லாதபோது, முதன்மைச் சக்கரங்களின் அடியில் கம்பி செருகி விமானத்தைப் பலகையோடு பிணைத்துவிடலாம்.

வாலின் கீழே கண்ணாடிக் கோல் ஒன்றை வைத்து மறைப்பதைப் பொதுவாக நான் விரும்புவதில்லை. ஆனால் கோல் வைப்பதே சரியாக இருக்கும் விமானங்களும் உண்டு. வாலருகே நான்கு என்ஜின்களைச் சுமந்த சோவியத் இல்யூஷின் 62, தரையில் பாரம் இறக்கி நிற்கும்போது தன் பின்னுடலிலிருந்தே ஒரு சிறு சக்கரக் காலைக் கீழே இறக்கிக்கொள்ளும். அதன் மாதிரியில் அந்தக் காலை இறக்கி வைத்தால் அது உள்ளது உள்ளபடியே. ஏ.டி.ஆர். 72 செய்கிறவரும், காமலாபுரத்தில் நின்றிருப்பது போலப் பின்கதவைத் திறந்து படியை இறக்கிக் காட்டுவதானால், வாலின் கீழே அந்த மெல்லிய கோலை வைக்கலாம். கதவை மூடி ஓடுபாதைக்குப் புறப்படும் விமானமாகக் காட்டுவதானால் கோல் அங்கே இருக்கக் கூடாது, மூக்கில் குண்டுகள் இருந்தாக வேண்டும்.